கெட் என்ற ஒரு சொல், பல வேலைகள்: ஆங்கிலத்தின் பரபரப்பான வினைச்சொல்லைப் புரிந்துகொள்ள முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தைப் பள்ளியில் பல வருடம் படித்து, செய்தித்தாள் வாசித்து, அலுவலகத்தில் மெயிலும் எழுதுகிற பலர், இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் ஆங்கிலத்தைக் கேட்டால் திணறிப்போகிறார்கள். கடினமான சொற்களால் வரும் திணறல் இல்லை இது. கெட், டேக், புட், ரன் மாதிரி சின்னச் சின்ன சொற்கள்தான் காரணம், அதிலும் கெட்தான் முதல் ஆள். அகராதியைத் திறந்தால் பெறு, அடை, ஆகு, போய்ச் சேர், கொண்டு வா, புரிந்துகொள், பிடி என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்து யாரும் கெட்டைப் பழகிக்கொண்டதாக நான் பார்த்ததில்லை.

வேறு வழி இருக்கிறது. இந்தச் சொல்லின் பொருளைப் பெரும்பாலும் அதற்கு அடுத்து நிற்கும் சொல்தான் முடிவு செய்கிறது. பெயர்ச்சொல் நின்றால் ஒரு பொருள், பண்பைச் சொல்லும் சொல் நின்றால் வேறு பொருள், இடம் நின்றால் இன்னொன்று. அதனால் கெட் காதில் விழுந்ததும் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்காமல் "இதற்குப் பின்னால் என்ன நிற்கிறது?" என்று கேளுங்கள். கீழே வரும் படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. எடுத்துக்காட்டுகளைக் காதில் விழுகிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன், வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள்.

படி 1: வடிவமும் ஒலியும்

நிகழ்காலத்தில் கெட், இறந்தகாலத்தில் காட். மூன்றாவது வடிவம் பிரிட்டனில் காட், அமெரிக்காவில் பெரும்பாலும் காட்டன். காட்டன் அமெரிக்கர்கள் புதிதாக உண்டாக்கியது என்று நினைப்பவர்கள் உண்டு, அது சரியில்லை. முன்பு இங்கிலாந்திலேயே புழங்கிய வடிவம் அது. பின்னால் அங்கே வழக்கொழிந்தது, கடல் கடந்து போனவர்களிடம் தங்கிவிட்டது. மறந்துவிட்டேன் என்பதற்கான ஃபர்காட்டன் என்ற சொல்லில் அதே வால் இன்றும் எல்லா நாட்டு ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள்.

கெட் என்ற சொல்லே வெளியிலிருந்து வந்ததுதான். 9-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் மொழியான பழைய நார்ஸிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பழைய ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பங்காளிச் சொல் இருந்தது, ஆனால் அது முன்னொட்டு சேர்ந்த சொற்களில்தான் பெரும்பாலும் வரும். ஃபர்கெட் அந்த வழியில் வந்ததுதான். ஆரம்பத்தில் பெறு, அடை என்பதைச் சுற்றித்தான் இதன் பொருள் இருந்தது. ஒரு பொருளை அடைவதிலிருந்து ஒரு நிலையை அடைவது, ஒரு இடத்தை அடைவது என்று விரிந்துகொண்டே போனது. இந்த "அடைதல்" என்ற நூலை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருகிற பல பொருள்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை மாதிரித் தெரியாது.

ஒலியைப் பற்றி ஒரு விஷயம், இது தெரியாமல்தான் பாதிப் பேர் படங்களில் கெட்டைத் தவறவிடுகிறார்கள். அமெரிக்கப் பேச்சில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வருகிற ட் அழுத்தமாக ஒலிக்காது, நம் "படம்", "வடை" போன்ற சொற்களில் வரும் ட மாதிரி மென்மையாகிவிடும். கெட் அப் என்பது கெடப், கெட் இட் என்பது கெடிட், காட் இட் என்பது காடிட், காட் டு என்பது காடா. கெட்டுக்காகக் காத்திருந்தால் அது வராமலே வாக்கியம் முடிந்துவிடும்.

படி 2: பின்னால் பெயர்ச்சொல் நின்றால்

இங்கே கெட்டுக்கு கிடைத்தல், வாங்குதல், போய் எடுத்து வருதல் என்ற மூன்றும் வரும்.

"ஐ காட் எ லெட்டர்" என்றால் எனக்கு ஒரு கடிதம் வந்தது. "ஐ காட் எ ஷர்ட்" என்றால் சட்டை வாங்கினேன், இல்லை யாரோ கொடுத்தார்கள். எது என்பதைச் சூழல் சொல்லும். "கெட் மீ சம் வாட்டர்" என்றால் கொஞ்சம் தண்ணீர் கொண்டு வா.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நிஜமான தடை இருக்கிறது, அதை யாரும் வகுப்பில் சொல்வதில்லை. நமக்கு ஏதாவது கிடைக்கும்போது தமிழில் நாம் எழுவாயாக நிற்பதில்லை. எனக்கு வேலை கிடைத்தது, எனக்குக் காய்ச்சல் வந்தது, எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வேலை, காய்ச்சல், யோசனை இவைதான் எழுவாய், நான் "எனக்கு" என்று ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலத்தில் இது தலைகீழ்: "ஐ காட் எ ஜாப்", "ஐ காட் எ ஃபீவர்", "ஐ காட் அன் ஐடியா". ஆளை முன்னால் நிறுத்தி, வந்து சேர்ந்த பொருளைப் பின்னால் வைக்கிறார்கள். தமிழில் யோசித்துப் பேசும்போது "எ மெயில் கேம் டு மீ" என்று வாயில் வருவது இதனால்தான். பழகுவதற்கு ஒரு எளிய பயிற்சி: "எனக்கு" என்று தொடங்கி "கிடைத்தது", "வந்தது" என்று முடிகிற தமிழ் வாக்கியம் மனதில் எழும்போதெல்லாம் அந்த "எனக்கு"வை ஐ ஆக்கி, பக்கத்திலேயே காட் போட்டுப் பாருங்கள். எனக்குத் தலைவலி வந்தது: "ஐ காட் எ ஹெடேக்". அவளுக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தது: "ஷி காட் எ ஸ்காலர்ஷிப்". எல்லாவற்றுக்கும் பொருந்தாது (கோபம், பசி போன்றவை அடுத்த படியில் வரும்), ஆனால் நிறைய இடங்களில் பொருந்தும்.

"வாங்கு" என்ற நம் சொல் கெட்டுக்கு ரொம்ப நெருக்கம். கடையில் சட்டை வாங்குகிறோம், பரீட்சையில் மார்க் வாங்குகிறோம், அப்பாவிடம் திட்டு வாங்குகிறோம். "வாட் டிட் யூ கெட் இன் மேத்ஸ்?" என்றால் கணக்கில் எவ்வளவு மார்க் வாங்கினாய்? "ஹி காட் டென் இயர்ஸ்" என்றால் நீதிமன்றத்தில் பத்து வருடத் தண்டனை வாங்கினான்.

இதே கட்டமைப்பில் பேச்சில் மட்டும் வரும் சில உண்டு. "கெட் த டோர்" என்றால் கதவைத் திற அல்லது சாத்து, அந்த நேரத்தில் எது தேவையோ அது. "கேன் யூ கெட் த ஃபோன்?" என்றால் போனை எடுக்கிறாயா? "ஐ'ல் கெட் திஸ்" என்று உணவகத்தில் பில் வந்ததும் ஒருவர் சொன்னால், காசு நான் கொடுக்கிறேன் என்று அர்த்தம். "ஐ காட் த லாஸ்ட் பஸ்" என்றால் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

அப்புறம் புரிதல். "ஐ கெட் இட்" என்றால் புரிகிறது, "ஷி டிட்ன்ட் கெட் த ஜோக்" என்றால் அவளுக்கு ஜோக் புரியவில்லை. "சாரி, ஐ டிட்ன்ட் கெட் தட்" என்பது காதில் சரியாக விழவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்பதற்கு மரியாதையான வழி. நம்மூரில் "ஆர் யூ கெட்டிங் மீ?" என்று கேட்கும் பழக்கம் இருக்கிறது, வெளிநாட்டவரிடம் "டஸ் தட் மேக் சென்ஸ்?" என்று கேட்பது இயல்பாக இருக்கும். "டிட் யூ கெட்?" என்று பாதியில் நிறுத்துவதும் கூடாது, இந்தப் பொருளில் கெட்டுக்குப் பின்னால் ஏதாவது ஒன்று, குறைந்தபட்சம் ஒரு இட் ஆவது, நிற்கவேண்டும்.

படி 3: பின்னால் பண்பு நின்றால்

ஆங்கிரி, டயர்ட், ஓல்ட், டார்க், கோல்ட் போன்ற சொற்கள் வந்தால் கெட் என்பது "ஆகு" ஆகிவிடும். "இட்ஸ் கெட்டிங் டார்க்", இருட்டிக்கொண்டு வருகிறது. "த டீ காட் கோல்ட்", டீ ஆறிப்போச்சு. "ஐ'ம் கெட்டிங் ஹங்க்ரி", பசி எடுக்கிறது. "கெட் வெல் சூன்", சீக்கிரம் குணமாகு.

இங்கே முக்கியமானது மாற்றம். "ஐ வாஸ் ஆங்கிரி" என்றால் கோபமாக இருந்தேன், "ஐ காட் ஆங்கிரி" என்றால் கோபம் வந்தது, அதாவது அதற்கு முன்னால் கோபம் இல்லை. கதை சொல்லும்போது இந்த வித்தியாசம் உயிர்நாடி. ஒருவர் ஏதோ சொன்னார், எனக்குக் கோபம் வந்துவிட்டது என்று சொல்லவந்து வாஸ் போட்டால், ஏற்கெனவே கோபத்தில் இருந்த மாதிரி ஆகிவிடலாம்.

பிகம் போட்டாலும் சரிதான், ஆனால் எழுத்து வாடை அடிக்கும். இன்னொன்று: ஆகு என்று வரும் எல்லா இடத்திலும் கெட் போட முடியாது. டாக்டர் ஆனாள் என்பதற்கு "ஷி பிகேம் எ டாக்டர்" மட்டும்தான். "ஷி காட் எ டாக்டர்" என்றால் அவள் ஒரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று ஆகிவிடும், ஏனென்றால் பின்னால் நிற்பது பெயர்ச்சொல், இரண்டாம் படிக்குப் போய்விட்டது. பால் கெட்டுப்போனது, அவருக்குப் பைத்தியம் பிடித்தது, வழுக்கை விழுந்தது போன்றவற்றுக்கு அவர்கள் கோ போடுவார்கள்: கோ பேட், கோ மேட், கோ பால்ட்.

இந்த வகையில் தனியாகக் கவனிக்கவேண்டியது கெட் யூஸ்ட் டு, பழகிக்கொள்வது. "ஐ காட் யூஸ்ட் டு த கோல்ட்", குளிர் பழகிவிட்டது. பின்னால் வினை வந்தால் இங் சேர்க்கவேண்டும்: "ஐ காட் யூஸ்ட் டு வேக்கிங் அப் எர்லி". காட் இல்லாமல் "ஐ யூஸ்ட் டு வேக் அப் எர்லி" என்றால் முன்பெல்லாம் சீக்கிரம் எழுவேன், இப்போது இல்லை. இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், நேர்காணலில்கூட இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

படி 4: பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் நின்றால்

ஃபயர்ட், ஹர்ட், ப்ரோக்கன், மேரிட் மாதிரி. இது செயப்பாட்டு வினையின் பேச்சு வடிவம். "ஹி காட் ஃபயர்ட்", வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். "ஷி காட் ப்ரமோட்டட்", பதவி உயர்வு கிடைத்தது. "த தீஃப் காட் காட்", திருடன் மாட்டிக்கொண்டான் (இரண்டாவது காட், பிடி என்ற கேட்ச்சின் மூன்றாம் வடிவம், கொஞ்சம் நீட்டி ஒலிக்கும்). நல்லதோ கெட்டதோ ஒருவருக்கு நேர்ந்துவிட்டது என்ற உணர்ச்சி இதில் இருக்கிறது. அதனால்தான் "த விண்டோ வாஸ் ப்ரோக்கன்" என்றால் ஜன்னல் உடைந்த நிலையில் இருந்தது என்றும் எடுக்கலாம், உடைக்கப்பட்டது என்றும் எடுக்கலாம். "த விண்டோ காட் ப்ரோக்கன்" என்றால் உடைகிற சம்பவம் நடந்தது என்று சந்தேகமில்லாமல் புரியும்.

கல்யாணத்தை இங்கேயே முடித்துவிடலாம். "ஷி காட் மேரிட் டு எ டாக்டர்" என்றுதான் சொல்லவேண்டும், வித் வராது. நாம் "அவனோடு கல்யாணம்" என்று யோசிப்பதால் வித் வந்து ஒட்டிக்கொள்கிறது. மேரியை நேராகப் போட்டால் டுவும் தேவையில்லை: "ஷி மேரிட் எ டாக்டர்".

கெட் லாஸ்ட் என்பதும் இந்த வகைதான். "வி காட் லாஸ்ட்", வழி தவறிவிட்டோம். யாரையாவது பார்த்து "கெட் லாஸ்ட்!" என்று கட்டளையாகச் சொன்னால் கண் முன்னால் நிற்காதே, போய்த் தொலை என்று பொருள்.

படி 5: கெட்டுக்கும் அடுத்த வினைக்கும் நடுவே ஒரு ஆளோ பொருளோ நின்றால்

இந்தப் படியில்தான் கொஞ்சம் அதிக நேரம் செலவழியுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். மற்ற படிகள் தெரியாவிட்டாலும் வேறு சொல் போட்டுச் சமாளிக்கலாம், இதைச் சமாளிக்க முடியாது.

முதல் வகை: கெட், பொருள், மூன்றாம் வடிவம். "ஐ காட் மை ஹேர் கட்", முடி வெட்டிக்கொண்டேன். "ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்", பைக்கைச் சரிபார்க்கக் கொடுத்து வாங்கினேன். வேலையைச் செய்தது வேறு ஆள், ஏற்பாடு செய்தது நான். தமிழில் "முடி வெட்டினேன்", "சட்டை தைத்தேன்", "வீடு கட்டினேன்" என்று சாதாரணமாகச் சொல்கிறோம், முடிதிருத்துபவரும் தையல்காரரும் கொத்தனாரும் செய்தார்கள் என்பது கேட்பவருக்குத் தெரியும். அதையே "ஐ கட் மை ஹேர்", "ஐ ஸ்டிச்ட் எ ஷர்ட்" என்று ஆங்கிலத்தில் போட்டால், நீங்களே கத்தரிக்கோலும் ஊசியும் எடுத்த மாதிரிதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். கூலி கொடுத்துச் செய்யவைத்த எந்த வேலைக்கும் இந்தக் கட்டமைப்பைப் பழக்கிக்கொள்ளுங்கள்: கண் பரிசோதனை, வீட்டுக்குப் பெயிண்ட், பாஸ்போர்ட் புதுப்பித்தல், துணி இஸ்திரி, எல்லாம். மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார் என்பதை "ஹி காட் ஹிஸ் டாட்டர் மேரிட்" என்று நம் பக்கத்தில் சொல்வதும் இதே அச்சில் வந்ததுதான்.

இதே வடிவம் நீங்களே ஒரு வேலையை முடிப்பதற்கும் வரும், "ஐ'ல் கெட் இட் டன் பை ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுகிறேன். காலையில் பிள்ளைகளைக் கிளப்புகிற அம்மா "ஐ ஹேவ் டு கெட் த கிட்ஸ் ட்ரெஸ்ட்" என்பார், அங்கே உடை மாட்டிவிடுவதே அவர்தான். இரண்டையும் சூழல் பிரித்துக் காட்டிவிடும்.

இரண்டாம் வகை: கெட், ஆள், டு, வினை. "ஐ காட் ஹிம் டு சைன்", அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன். தமிழில் செய்ய வை, படிக்க வை, சிரிக்க வை என்று "வை" ஒன்றே எல்லா வேலையும் செய்கிறது. ஆங்கிலத்தில் எப்படிச் செய்யவைத்தோம் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். மேக் என்றால் கட்டாயப்படுத்தி, ஹேவ் என்றால் அது அவருடைய வேலை என்பதால் சொல்லி, கெட் என்றால் பேசி, கெஞ்சி, சமாதானப்படுத்தி, எப்படியோ சம்மதிக்கவைத்து. குழந்தையைச் சாப்பிடவைத்த கதையில் மேக் வந்தால் அதட்டியிருக்கிறார்கள், கெட் வந்தால் நிலா காட்டியிருக்கிறார்கள். மேக்குக்கும் ஹேவுக்கும் பின்னால் டு வராது, கெட்டுக்கு வந்தே ஆகவேண்டும்: "ஐ மேட் ஹிம் ஈட்", "ஐ காட் ஹிம் டு ஈட்". இந்த ஒரு டுவை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

ஆள் இல்லாமல் பொருளும் வரலாம். "ஐ கான்ட் கெட் த கார் டு ஸ்டார்ட்", என்ன செய்தாலும் கார் கிளம்பமாட்டேன் என்கிறது.

படி 6: பின்னால் இடம் நின்றால்

"ஐ காட் டு செங்கல்பட்டு அட் டென்", பத்து மணிக்குச் செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தேன். இடப்பெயருக்கு முன்னால் டு வரும். ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் டு கிடையாது: "காட் ஹோம்", "காட் ஹியர்", "காட் தேர்". வழி கேட்கும்போது "ஹவ் டூ ஐ கெட் டு த ஸ்டேஷன்?" என்று கேளுங்கள், ரீச் போடுவதைவிட இயல்பாக இருக்கும். ரீச் போட்டால் பின்னால் டு வராது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள், "ரீச்ட் டு செங்கல்பட்டு" தவறு.

படி 7: பின்னால் டுவும் வினையும் நின்றால்

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. "ஐ காட் டு சீ த சீஃப் மினிஸ்டர்" என்றால் முதல்வரைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. "ஐ'வ் காட் டு சீ த சீஃப் மினிஸ்டர்" என்றால் முதல்வரை நான் பார்த்தே ஆகவேண்டும். நடுவில் இருப்பது சின்ன வ் ஒலி மட்டும். ஒன்று நடந்து முடிந்த பாக்கியம், இன்னொன்று இனிமேல் செய்யவேண்டிய கட்டாயம். பேச்சில் அந்த வ் கூடத் தேய்ந்து "ஐ காடா கோ" என்று வரும், அப்போது கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்: நான் கிளம்பவேண்டும். கட்டாயத்தை இறந்தகாலத்தில் சொல்ல ஹேட் டு போட்டால் போதும்.

வாய்ப்பைச் சொல்லும் கெட் டு அழகான கட்டமைப்பு, நம்மவர்கள் பயன்படுத்துவது குறைவு. "ஷி கெட்ஸ் டு ட்ராவல் எ லாட்" என்றால் அவளுக்கு நிறைய ஊர் சுற்றும் வாய்ப்பு கிடைக்கிறது, கொடுத்துவைத்தவள். "ஷி ஹேஸ் டு ட்ராவல் எ லாட்" என்றால் வேலைக்காக அலையவேண்டியிருக்கிறது. ஒரே பயணம், பேசுபவரின் மனநிலை வேறு. ஆளைப் பழகித் தெரிந்துகொள்வதற்கு கெட் டு நோ.

படி 8: முன்னால் ஹேவ் நின்றால்

இதுவரை பின்னால் பார்த்தோம், இந்த ஒரு முறை முன்னால் பார்க்கவேண்டும். "ஐ'வ் காட் எ கார்" என்றால் என்னிடம் கார் இருக்கிறது. பார்க்க இறந்தகாலம் மாதிரி, பொருளில் சுத்தமான நிகழ்காலம். "ஹேவ் யூ காட் சேஞ்ச்?", சில்லறை இருக்கிறதா? "ஐ ஹேவன்ட் காட் டைம்", நேரமில்லை. அமெரிக்கர்கள் இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு வைத்திருக்கிறார்கள்: "ஐ'வ் காட் எ கார்" என்றால் இருக்கிறது, "ஐ'வ் காட்டன் எ கார்" என்றால் வாங்கியிருக்கிறேன். அமெரிக்காவுக்கே போனாலும் இருக்கிறது என்ற பொருளுக்குக் காட்டன் போடக்கூடாது.

படி 9: பின்னால் அப், டவுன், ஓவர் மாதிரி குட்டிச் சொல் நின்றால்

இதில்தான் பலர் மலைத்துப்போய் புத்தகத்தை மூடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் படிக்காதீர்கள், வாழ்க்கையில் தினமும் வருபவற்றை மட்டும் முதலில் எடுங்கள்.

ஏறுவதும் இறங்குவதும். பஸ், ரயில், விமானம் போன்ற எழுந்து நடமாடக்கூடிய வண்டிக்கு கெட் ஆன், கெட் ஆஃப். கார், ஆட்டோ மாதிரி உள்ளே குனிந்து நுழைகிற வண்டிக்கு கெட் இன், கெட் அவுட். தமிழில் எல்லாவற்றிலிருந்தும் இறங்குகிறோம், இறங்கு என்றால் கீழே, கீழே என்றால் டவுன். அப்படித்தான் "கெட் டவுன் அட் தாம்பரம்" பிறந்தது. இந்தியாவில் எல்லோருக்கும் புரியும், இங்கே பேசும்போது அதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன். லண்டனிலோ நியூயார்க்கிலோ பஸ்ஸில் கெட் ஆஃப் சொல்லுங்கள், அங்கே கெட் டவுன் என்றால் மேசை, ஏணி, மரம் மாதிரி உயரத்திலிருந்து இறங்குவது அல்லது தலையைக் குனிந்து பதுங்குவது. இலங்கை ஆங்கிலத்தில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு, வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒன்றைத் தருவிப்பதையும் அங்கே கெட் டவுன் என்பார்கள்.

கெட் அப் என்றால் எழுந்திருப்பது, படுக்கையை விட்டு. கண் விழிப்பது வேக் அப். ஆறு மணிக்கு வேக் அப், ஏழு மணிக்கு கெட் அப் என்று இருக்கலாம். நம் சினிமாப் பேச்சில் புழங்கும் கெட்டப், வேஷம் என்ற பொருளில், அதுவும் ஆங்கிலத்தில் இருப்பதுதான், ஆனால் அங்கே அது பெயர்ச்சொல். கெட் அவுட் நமக்கு நன்றாகத் தெரியும், கோபத்தில் வெளியே துரத்துவது, நம்பமுடியாத செய்தியைக் கேட்டு ஒரு அமெரிக்க நண்பர் "கெட் அவுட்!" என்றால் "அட, நிஜமாவா?" என்கிறார், எழுந்து போய்விடாதீர்கள்.

மனசும் உறவும். கெட் ஓவர், நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது. கெட் அலாங் வித், ஒருவரோடு ஒத்துப்போவது. பிரிட்டனில் கெட் ஆன் வித் என்பார்கள். கெட் பேக் டு, பதில் சொல்வது, "ஐ'ல் கெட் பேக் டு யூ" என்றால் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன். கெட் அவே வித், தப்புச் செய்துவிட்டுத் தண்டனையில்லாமல் தப்பிப்பது. கெட் பை, இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது. கெட் ரிட் ஆஃப், ஒழித்துக்கட்டுவது. கெட் த்ரூ, கஷ்டமான காலத்தைக் கடப்பது, அல்லது போன் லைன் கிடைப்பது. கெட் அரவுண்ட் டு, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வேலைக்கு ஒருவழியாக நேரம் ஒதுக்குவது.

இவற்றை எழுதிவைக்கும்போது தனிச் சொல்லாக எழுதாதீர்கள், உங்கள் வாழ்க்கையில் நிஜமாக நடந்த ஒன்றை வைத்து முழு வாக்கியமாக எழுதுங்கள். உங்கள் மாமியாரோடு நீங்கள் ஒத்துப்போகிறீர்களா இல்லையா என்று ஒரு வாக்கியம் எழுதினால் கெட் அலாங் வித் ஆயுளுக்கும் மறக்காது.

படி 10: எங்கே போடக்கூடாது

கெட் பேச்சின் சொல். நண்பருக்கு அனுப்பும் செய்தி, அலுவலக அரட்டை, சாதாரண மெயில், எல்லாவற்றிலும் தாராளமாக வரலாம். ஆராய்ச்சிக் கட்டுரை, சட்டக் கடிதம், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பகுதிக் கட்டுரை இவற்றில் குறைத்துக்கொள்ளுங்கள். கிடைத்தலுக்கு ரிசீவ் அல்லது அப்டெய்ன், ஆவதற்கு பிகம், போய்ச் சேர்வதற்கு அரைவ், படி 4-இல் பார்த்த காட் ஃபயர்டுக்கு வாஸ் டிஸ்மிஸ்ட். அதே தேர்வின் பேச்சுப் பகுதியில் நேர்மாறு, அங்கே ரிசீவும் அப்டெய்னுமாகப் பேசினால் மனப்பாடம் செய்த மாதிரி இருக்கும்.

கடையில் கேட்பதிலும் ஒரு சின்ன வேறுபாடு. "கேன் ஐ கெட் எ காஃபி?" அமெரிக்க வழக்கம், இப்போது பிரிட்டனிலும் இளைஞர்கள் சொல்கிறார்கள். அங்குள்ள பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்காது, நீங்களே உள்ளே போய் எடுத்துக்கொள்ளப்போகிற மாதிரி அவர்களுக்குக் கேட்கிறது. "குட் ஐ ஹேவ் எ காஃபி, ப்ளீஸ்?" எங்கும் செல்லும்.

படி 11: சோதித்துப் பாருங்கள்

இந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு காட்டுக்கும் பின்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள்: "ஐ காட் அப் லேட், காட் டு த ஸ்டேஷன் அட் நைன், காட் எ டிக்கெட், காட் ஆன் த ராங் ட்ரெயின், காட் லாஸ்ட், காட் எ போலீஸ்மேன் டு ஹெல்ப் மீ, அண்ட் காட் ஹோம் டயர்ட்."

குட்டிச் சொல் அப், எனவே எழுந்தேன். டுவும் இடமும், எனவே போய்ச் சேர்ந்தேன். பெயர்ச்சொல் டிக்கெட், எனவே வாங்கினேன். குட்டிச் சொல் ஆன், எனவே ஏறினேன். மூன்றாம் வடிவம் லாஸ்ட், எனவே வழி தவறினேன். ஆளும் டுவும் வினையும், எனவே போலீஸ்காரரை உதவி செய்ய வைத்தேன். டு இல்லாத ஹோம், எனவே வீடு வந்து சேர்ந்தேன், களைப்போடு.

இதில் தடுமாறாமல் வந்துவிட்டால் ஒரே வாக்கியத்தில் இரண்டு கெட் வருவதை எடுங்கள்: "ஐ நெவர் காட் டு கெட் இட் ஃபிக்ஸ்ட்." முதலாவதற்குப் பின்னால் டுவும் வினையும், எனவே படி 7, வாய்ப்பு. இரண்டாவதற்குப் பின்னால் பொருளும் மூன்றாம் வடிவமும், எனவே படி 5, செய்யவைத்தல். அதைச் சரிசெய்யக் கொடுக்க எனக்குக் கடைசி வரை வாய்ப்பே அமையவில்லை.